குடிமீட்புக் கூட்டம்: ஆக்ரனிலிருந்து மஞ்சக்குடி வரை

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வாரத்தில் குறித்த நாளில், குறித்த நேரத்தில் ஓரிடத்தில் கூடித் தம் அனுபவத்தைச் சொல்வதும் பிறர் சொல்வதைக் கேட்பதும் குடிமீட்புக் குழுக் கூட்டம் எனப்படும். பள்ளி வகுப்பறை, மாதாகோயில் கூடம், மருத்துவமனையின் மாடி அறை என்று கிடைத்த இடத்தில் இது நடக்கிறது. நடத்துவதற்கு மருத்துவர் கிடையாது, கட்டணம் கிடையாது, உறுப்பினர் பதிவேடு கிடையாது. வந்தவர் தம் முழுப்பெயரைச் சொல்ல வேண்டியதும் இல்லை. இந்த ஏற்பாடு யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து வகுத்தது அன்று. 1935க்கும் 1950க்கும் இடையில் அமெரிக்காவின் சில ஊர்களில் அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடங்களின் தொகுப்பு அது. குடியிலிருந்து மீள வழி தேடும் ஒருவர் கூட்டத்தைக் கண்டுபிடித்து உள்ளே வந்து உட்காருவதற்கு எவையெல்லாம் தடையாக இருந்தனவோ, அவற்றை ஒவ்வொன்றாக அகற்றியபோது இன்றைய வடிவம் உருவாயிற்று.

முன்னோடிகள்

குடிகாரர்கள் தமக்குத் தாமே உதவிக்கொள்ளக் கூடிய முதல் பெரிய இயக்கம் 1840 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தொடங்கியது. சேஸ் என்பவரின் மதுக்கடையில் வழக்கமாகக் கூடிக் குடித்த ஆறு பேர், இனிக் குடிப்பதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஒருவர் தையற்காரர், ஒருவர் தச்சர், இருவர் கொல்லர்கள், ஒருவர் வண்டி செய்பவர், மற்றவர் வெள்ளி வேலைக்காரர். நாட்டின் முதல் குடியரசுத் தலைவரின் பெயரைச் சூட்டி, வாஷிங்டனியர் சங்கம் என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். அதுவரை இருந்த மதுவொழிப்புச் சங்கங்கள், குடிக்காதவர்களைக் குடிக்காமல் காப்பதையே வேலையாகக் கொண்டிருந்தன. குடிகாரனைத் தேறாத கேஸ் என்று ஒதுக்கிவைத்திருந்தன. வாஷிங்டனியர்களோ ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்துக்கு இன்னொரு குடிகாரரை அழைத்துவர வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். மேடையில் நின்று தன் கதையைத் தானே சொல்லும் வழக்கமும் அங்கேதான் வலுப்பெற்றது. 1842 பிப்ரவரி 22 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கிளையில் ஆபிரகாம் லிங்கன் உரையாற்றும் அளவுக்கு இயக்கம் பெயர் பெற்றது. சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் உறுதிமொழி எடுத்தனர்.

எழுந்த வேகத்திலேயே அது சரிந்தது. மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்ற அரசியல் சண்டை உள்ளே புகுந்தது. குடிக்காத சீர்திருத்தக்காரர்களும் பெருமளவில் வந்து சேர்ந்தார்கள். ஊர் ஊராகப் பேசிப் புகழ்பெற்ற பேச்சாளர் மறுபடி குடித்து அகப்பட்டால் இயக்கத்தின் பெயரும் சேர்ந்து கெட்டது. உறுதிமொழி எடுத்தவரை மறுநாளும் அதற்கு மறுநாளும் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு இல்லாததே பெருங்குறை. 1840களின் இறுதிக்குள் இயக்கம் ஏறக்குறைய மறைந்தது. ஐரோப்பாவில் 1877இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் லூயி லூசியான் ரோஷா என்ற போதகர் தொடங்கிய நீலச் சிலுவைச் சங்கம் நீடித்து நின்றாலும், அது திருச்சபைப் பணியாகவே இருந்தது.

ஆக்ரன், 1935

இன்றைய கூட்டத்தின் நேர் மூதாதை ஆக்ஸ்ஃபோர்டு குழு. ஃபிராங்க் புக்மன் என்ற அமெரிக்க லூத்தரன் போதகர் தொடங்கிய அந்தக் கிறித்துவ இயக்கத்தினர் வீடுகளில் கூடித் தம் தவறுகளை வெளிப்படையாகச் சொல்வார்கள், தீங்கிழைக்கப்பட்டவரிடம் போய் ஈடு செய்வார்கள், இன்னொருவருக்கு உதவுவார்கள். நியூயார்க் பங்குச் சந்தையில் நிறுவனங்களை ஆராய்ந்து சொல்லும் தொழில் செய்துவந்த பில் வில்சன் என்பவர், குடியால் எல்லாவற்றையும் இழந்த நிலையில், பழைய குடித்தோழர் எபி தாச்சர் மூலம் இந்தக் குழுவை அறிந்தார். 1934 டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் கடைசி முறையாகச் சேர்ந்தார். அங்கிருந்த மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த், குடியை ஒழுக்கக் கேடாகப் பார்க்காமல் உடலின் ஒவ்வாமையும் மனத்தின் அடங்காத வேட்கையும் சேர்ந்த நோயாக விளக்கினார். வில்சன் அதன்பின் குடிக்கவில்லை. மாதக்கணக்கில் மற்றக் குடிகாரர்களைத் தேடித் தேடிப் பேசினார். அவர்களில் ஒருவரும் தேறவில்லை. ஆனால் பேசிய அவர் மட்டும் குடிக்காமல் இருந்தார்.

1935 மே மாதம் ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டைக் கைப்பற்றும் போட்டிக்காக வில்சன் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரனுக்குப் போனார். ரப்பர் டயர் ஆலைகளுக்குப் பெயர்போன ஊர் அது. போட்டியில் தோற்று, கையில் காசில்லாமல், அன்னையர் தினத்துக்கு முந்தைய சனிக்கிழமை மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் பேச்சரவம் கேட்டது. இன்னொரு பக்கம் ஊரின் தேவாலயங்கள் பட்டியல் தொங்கியது. பேச்சுத் துணைக்கு இன்னொரு குடிகாரர் உடனே கிடைக்காவிட்டால் தாம் குடித்துவிடுவோம் என்று பயந்து, பட்டியலில் கண்ணில் பட்ட வால்டர் டங்க்ஸ் என்ற போதகருக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் கொடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்து, கடைசியில் ஹென்ரியேட்டா சைபர்லிங் என்ற பெண்மணியை எட்டினார். ஆக்ஸ்ஃபோர்டு குழுவைச் சேர்ந்த அவர், குடியால் சீரழிந்துகொண்டிருந்த ஓர் அறுவை மருத்துவருக்காக ஏற்கெனவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மருத்துவர் ராபர்ட் ஸ்மித். பிற்காலத்தில் டாக்டர் பாப் என்று அறியப்பட்டவர். அன்று சந்திக்க முடியவில்லை. அன்னையர் தினத்துக்காகப் பூந்தொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு வந்தவர், போதையில் நினைவிழந்து கிடந்தார். மறுநாள் மே 12 மாலை ஐந்து மணிக்கு ஸ்டான் ஹைவெட் மாளிகையின் வாயில் வீட்டில் இருவரும் சந்தித்தார்கள். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று நிபந்தனை போட்டு வந்த ஸ்மித், இரவு பதினொரு மணி தாண்டித்தான் கிளம்பினார். வில்சன் உபதேசம் செய்யவில்லை. தன் குடியைப் பற்றி, குடிக்கிறவனுக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரங்களோடு பேசினார். மருத்துவரான ஸ்மித்துக்கு நோயைப் பற்றிய புத்தக அறிவு குறைவில்லை. அந்த அறிவு செய்யாததை ஒரு சக குடிகாரரின் பேச்சு செய்தது. இடையில் ஒருமுறை வழுக்கி விழுந்த ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10, இயக்கத்தின் நிறுவன நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதே மாதம் இருவரும் ஆக்ரன் நகர மருத்துவமனைக்குப் போய், கட்டிலில் கிடந்த ஒரு வழக்கறிஞரிடம் பேசினார்கள். அவரும் குடியை விட்டார். மூன்று பேர் சேர்ந்ததும் அது ஒரு குழுவாயிற்று.

வீட்டுக் கூடத்திலிருந்து வெளியே

ஆக்ரனில் முதல் நான்கு ஆண்டுகள் தனிக் கூட்டம் என்று ஒன்று இல்லை. அங்கே புதன்கிழமை தோறும் வில்லியம்ஸ் தம்பதியர் வீட்டில் நடந்த ஆக்ஸ்ஃபோர்டு குழுக் கூட்டத்திலேயே குடிகாரர்களும் கலந்துகொண்டார்கள். நியூயார்க்கில் புரூக்ளின் கிளின்டன் தெரு 182ஆம் எண் வீட்டில் செவ்வாய் இரவுகளில் வில்சனும் மனைவி லோயிஸும் கூட்டம் நடத்தினார்கள். குடிகாரர்கள் சிலர் அந்த வீட்டிலேயே தங்கவும் செய்தார்கள். கூட்டத்தைத் தேடி வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. உறுப்பினர்கள்தாம் மருத்துவமனைக்குப் போய் ஆளைப் பிடித்து, தேற்றி, கையோடு கூட்டிவந்தார்கள். 1937 இறுதியில் கணக்குப் பார்த்தபோது ஏறக்குறைய நாற்பது பேர் குடியை விட்டு நிலைத்திருந்தது தெரிந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு குழுவோடு இருந்த உறவு ஒரு கட்டத்தில் தடையாக மாறியது. குழுவின் மதக் கறார்த்தனம் பலருக்கு ஒத்துவரவில்லை. கத்தோலிக்கர்கள் பிற சபையினரின் கூட்டத்தில் பாவ அறிக்கை செய்வதை அவர்களுடைய திருச்சபை ஏற்கவில்லை. நியூயார்க் குழு 1937இல் பிரிந்தது. கிளீவ்லாந்திலிருந்து வாரந்தோறும் ஆக்ரனுக்குக் காரில் வந்துபோனவர்களில் கத்தோலிக்கர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் 1939 மே மாதம் தங்கள் ஊரிலேயே தனிக் கூட்டம் தொடங்கி, அதற்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் கூடிய முதல் குழு அதுவே. வாசலில் மதம் கேட்கும் வழக்கம் அத்துடன் ஒழிந்தது.

பெயர் வந்த வழி ஒரு புத்தகம். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்துத்தான் முறையைக் கற்க வேண்டும் என்றால் தொலைவில் இருப்பவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு விடையாக, 1938இல் எழுதத் தொடங்கி 1939 ஏப்ரலில் அதே பெயரில் நூல் வெளியானது. விலை மூன்றரை டாலர். பன்னிரண்டு படிகள் என்ற நெறிமுறை இதில்தான் முதலில் அச்சேறியது. குடியின் முன் தன் பலம் செல்லாது என்று ஒப்புக்கொள்வது, தன்னினும் பெரிய ஆற்றலை நம்புவது, தன் குணக்கேடுகளைக் கணக்கெடுப்பது, தீங்கு செய்தவர்களுக்கு ஈடு செய்வது, கடைசியாகப் பிற குடிநோயாளிகளுக்கு உதவுவது என்று அவை செல்கின்றன. கடவுள் என்ற சொல்லுக்கு நாத்திகர்களும் ஐயுறுவோரும் எதிர்ப்புத் தெரிவித்ததால், அவரவர் புரிந்துகொண்ட விதத்தில் என்ற தளர்வும் சேர்க்கப்பட்டது.

அஞ்சல் பெட்டி

புத்தகத்தின் வழியே கூட்டத்தைத் தேடுவோருக்கு முதல் முகவரி கிடைத்தது. நியூயார்க் சர்ச் தெரு அஞ்சல் நிலையத்தின் 658ஆம் எண் பெட்டி அது. வந்த கடிதங்களுக்கு ரூத் ஹாக் என்ற செயலாளர் ஒவ்வொன்றாகப் பதில் எழுதினார். எழுதியவரின் ஊரில் யாராவது உறுப்பினர் இருந்தால் அவருக்குத் தகவல் போகும். யாரும் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் வியாபாரப் பயணம் போகும் உறுப்பினரிடம் பெயர் கொடுக்கப்படும். அவர் தம் சரக்கை விற்ற கையோடு கடிதம் எழுதியவரையும் பார்த்துவிட்டு வருவார். பல நகரங்களில் முதல் கூட்டம் இப்படித்தான் தொடங்கியது.

1941 மார்ச் 1 தேதியிட்ட சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் ஜாக் அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை வெளிவந்ததும் கடிதங்கள் குவிந்தன. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 2,000 பேராக இருந்த உறுப்பினர்கள் ஆண்டு முடிவில் 8,000 ஆனார்கள். மருத்துவமனையில் ஒவ்வொருவரையும் தேடிப் போய்த் தேற்றும் பழைய முறை இந்த எண்ணிக்கைக்குத் தாங்கவில்லை. கிளீவ்லாந்தில் உள்ளூர் நாளிதழ்க் கட்டுரைகளைப் பார்த்து 1939 இலையுதிர் காலத்திலேயே கூட்டம் பெருகியபோது, சில வாரங்களுக்கு முன் குடியை விட்டவரே அடுத்தவருக்கு வழிகாட்ட நேர்ந்தது. புதியவர் ஒவ்வொருவருக்கும் பழையவர் ஒருவர் துணை என்ற ஸ்பான்சர் முறை அந்த நெருக்கடியில் உறுதிப்பட்டது. தொலைபேசிக்குப் பதில் சொல்லவும் கூட்டங்களின் நாள், நேரம், இடத்தை அச்சிட்டுத் தரவும் நகரந்தோறும் பொது அலுவலகங்கள் ஏற்பட்டன. இன்டர்குரூப் என்று இன்றும் அழைக்கப்படுவது இந்த ஏற்பாடுதான்.

பணம், பெயர், சேர்க்கை

வளர்ச்சியோடு சச்சரவுகளும் வந்தன. பணம் முதல் சிக்கல். 1938இல் பெருஞ்செல்வர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரிடம் பெருந்தொகை எதிர்பார்த்துப் போனபோது, பணம் இந்த முயற்சியைக் கெடுத்துவிடும் என்று சொல்லி 5,000 டாலர் மட்டும் கொடுத்தார். அப்போது ஏமாற்றமாகத் தெரிந்தது பின்னர் கொள்கையாகவே ஆயிற்று. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை, கூட்டத்தில் சுற்றிவரும் பையில் உறுப்பினர்கள் விரும்பிப் போடும் காசிலேயே அறை வாடகையும் தேநீர்ச் செலவும் நடக்க வேண்டும் என்று முடிவாயிற்று. கையில் காசில்லாமல் வருபவர் பையை அப்படியே அடுத்தவரிடம் நகர்த்தலாம்.

பெயர் அடுத்த சிக்கல். முதலில் பெயர் மறைத்ததற்குக் காரணம் மானம், வேலை பறிபோகும் பயம் ஆகியவையே. 1940இல் கிளீவ்லாந்து பேஸ்பால் அணி வீரர் ரோலி ஹெம்ஸ்லி தாம் உறுப்பினர் என்று நாளிதழ்களில் அறிவித்தார். வேறு சிலரும் விளம்பரத்தில் இறங்கினார்கள். வில்சனும் அதற்கு விலக்கில்லை. புகழ்பெற்ற ஒருவர் மீண்டும் குடித்தால் கூட்டத்துக்கு வரத் தயங்கி நிற்பவர் நம்பிக்கை இழப்பார் என்பதை வாஷிங்டனியர்களின் வீழ்ச்சி ஏற்கெனவே காட்டியிருந்தது. அதனால் பத்திரிகை, வானொலி, திரைப்படம் ஆகியவற்றில் எவரும் முழுப்பெயரோடு உறுப்பினராகத் தோன்றக் கூடாது என்று வகுத்தார்கள்.

மூன்றாவது, யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி. தொடக்கக் குழுக்கள் ஆளுக்கொரு விதி வைத்திருந்தன. நியூயார்க் அலுவலகம் எல்லாக் குழுக்களின் விதிகளையும் தருவித்துச் சேர்த்துப் பார்த்தபோது, அவை அத்தனையும் அமலில் இருந்தால் ஒருவரும் சேர முடியாது என்பது தெரிந்தது. பெண் குடிகாரர்களைத் தொடக்கத்தில் பல குழுக்கள் தயக்கத்தோடுதான் பார்த்தன. 1939இல் கிளின்டன் தெருக் கூட்டத்துக்கு வந்து நிலைத்த மார்ட்டி மேன் அந்தத் தயக்கத்தைப் பெருமளவு உடைத்தார். நிறவேற்றுமை நிலவிய நகரங்களில் 1945 முதல் கறுப்பினத்தவர் தமக்கென்று குழுக்கள் அமைத்தனர். இறுதியில் விதிகள் எல்லாம் விலக்கப்பட்டுக் குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி என்று ஆயிற்று.

இந்தத் தீர்வுகளை வில்சன் பன்னிரண்டு மரபுகளாகத் தொகுத்து, இயக்கத்தின் மாத இதழான கிரேப்வைனில் 1946 ஏப்ரலில் வெளியிட்டார். 1950 ஜூலையில் கிளீவ்லாந்தில் கூடிய முதல் உலக மாநாடு அவற்றை ஏற்றது. ஒவ்வொரு குழுவும் தன்னாட்சி உடையது, தலைவர்கள் ஆள்வதில்லை, அரசியலிலோ மதுவிலக்குச் சர்ச்சையிலோ இயக்கம் கருத்துச் சொல்வதில்லை என்பவையும் அவற்றில் அடங்கும். டாக்டர் பாப் அதே ஆண்டு நவம்பரில் காலமானார். பதினைந்து ஆண்டுகளில் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்தை நெருங்கியிருந்தது.

கூட்டத்தின் உறுப்புகள்

கூட்டத்தில் இன்று காணும் சடங்குகள் பலவற்றுக்குத் தனித்தனிக் கதை உண்டு. மன அமைதி வேண்டும் சிறு பிரார்த்தனை, இறையியலாளர் ரைன்ஹோல்டு நீபரின் பெயரால் அறியப்படுவது. 1941இல் நியூயார்க் நாளிதழின் இரங்கல் அறிவிப்பு ஒன்றில் அதைக் கண்ட உறுப்பினர் அலுவலகத்துக்குக் கொண்டுவர, அச்சிட்டுக் கடிதங்களோடு அனுப்பத் தொடங்கினார்கள். ஆக்ரன் புனித தோமையார் மருத்துவமனையில் 1939 முதல் டாக்டர் பாபுடன் சேர்ந்து ஆயிரக்கணக்கான குடிநோயாளிகளைப் பராமரித்த அருட்சகோதரி இக்னேஷியா, வீடு திரும்புகிறவரின் கையில் திரு இருதயப் பதக்கம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிப்பதென்றால் முதலில் வந்து இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடி என்பது அவர் போட்ட கட்டளை. குடிக்காமல் கழித்த ஒரு மாதம், மூன்று மாதம், ஓராண்டு ஆகியவற்றுக்கு வில்லை கொடுக்கும் இன்றைய வழக்கம் இதையொத்தது.

கூட்டங்கள் இரு வகைப்படும். குடிநோயாளிகள் மட்டும் வருவது மூடிய கூட்டம். குடும்பத்தார், மாணவர், மருத்துவர் என யாரும் வந்து கேட்கக்கூடியது திறந்த கூட்டம். வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்ற சத்தியத்தை எங்கும் கேட்பதில்லை. இன்றைக்கு ஒருநாள் குடிக்காமல் இருப்பது மட்டுமே இலக்கு. வாஷிங்டனியர்களின் உறுதிமொழியிலிருந்து இந்த முறை விலகி நிற்கும் முக்கியமான இடம் இது.

குடும்பமும் பிற வழிகளும்

தொடக்க காலக் கூட்டங்களுக்கு மனைவியரும் உடன் வந்தார்கள். கணவர்கள் உள்ளே இருக்க, அவர்கள் அடுக்களையில் காபி போட்டபடி தங்கள் பாட்டைப் பேசிக்கொண்டார்கள். லோயிஸ் வில்சன் இந்தக் குடும்பக் குழுக்களை 1951இல் அல்-அனான் என்ற தனி அமைப்பாக இணைத்தார். பதின்பருவப் பிள்ளைகளுக்கான அலட்டீன் 1957இல் தோன்றியது. போதை மருந்துகளுக்கு அடிமையானோர் 1953இல் நார்காட்டிக்ஸ் அனானிமஸ் அமைத்தனர்.

எல்லா நாடுகளும் ஒரே அச்சை எடுத்துக்கொள்ளவில்லை. ஜப்பானில் 1958இல் கோச்சியில் தொடங்கிய தன்ஷூகாய் சங்கங்களில் உறுப்பினர் தம் பெயரைச் சொல்வார், மனைவியோடு வருவார், சந்தாவும் கட்டுவார். குடும்பமும் வேலையிடமும் அறியக் குடியை விடுவதே அங்கே பலமாகக் கருதப்பட்டது. குரோவேஷியாவின் ஜாக்ரெப் நகரில் மனநல மருத்துவர் விளாடிமிர் ஹுடோலின் 1964 முதல் அமைத்த மன்றங்கள் முழுக் குடும்பத்தையும் உறுப்பினராக்கின. அமெரிக்காவிலேயே 1975இல் ஜீன் கர்க்பாட்ரிக் பெண்களுக்கென்று தனி அமைப்பு தொடங்கினார். 1994இல் வந்த ஸ்மார்ட் ரிக்கவரி கடவுள் பேச்சை விலக்கி, உளவியல் பயிற்சிகளை முன்வைத்தது.

இந்தியாவும் தமிழ்நாடும்

ஏ.ஏ. ஐரோப்பாவில் முதலில் கால்வைத்தது 1946 நவம்பரில், அயர்லாந்தின் டப்ளினில். இந்தியக் கிளை 1957 மே 5 அன்று தொடங்கியதாகக் கணக்கு. தில்லியில் வந்து தங்கியிருந்த கனடா நாட்டு உறுப்பினர் ஒருவர் செய்தித்தாளில் கொடுத்த விளம்பரம் அதற்கு வித்திட்டது. பின்னர் பம்பாய் இந்திய ஏ.ஏ.யின் மையமாயிற்று. பொதுச் சேவை அலுவலகம் இன்றும் மும்பையில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் குடியைப் பற்றிய பொதுப் பேச்சு நெடுங்காலம் சட்டத்தைச் சுற்றியே நடந்தது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971இல் ஒத்திவைக்கப்பட்டு, மீண்டும் அமலாகி, 1981இல் தளர்ந்தது. 1983இல் மது மொத்த விற்பனைக்கான அரசு நிறுவனமாக டாஸ்மாக் தோன்றியது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. கடையைத் திறப்பதா மூடுவதா என்ற இந்த நெடிய வாதத்தில், ஏற்கெனவே குடிநோயில் விழுந்தவருக்கு என்ன வழி என்ற கேள்வி பின்தங்கியே இருந்தது.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் சாந்தி ரங்கநாதன். கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1980இல் கணவர் பெயரால் சென்னையில் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். அதன் டி.டி.கே. மருத்துவமனை அடையாற்றை ஒட்டிய இந்திரா நகரில் இயங்கிவருகிறது. மருந்தால் உடலைத் தேற்றுவது, நோயாளிக்கு ஆலோசனை, குடும்பத்தாருக்குத் தனி நிகழ்ச்சி, வெளியே போனபின் ஏ.ஏ. கூட்டம் என்று சிகிச்சை ஒரு தொடராக அமைந்தது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

நகர மருத்துவமனைக்கு ஒரு மாதம் வந்து தங்கக் கூலித் தொழிலாளியால் முடியாது. இதற்கு மாற்றாக 1989இல் குடவாசலை அடுத்த மஞ்சக்குடி கிராமத்தில் அறக்கட்டளை முகாம் நடத்தத் தொடங்கியது. மருத்துவரும் ஆலோசகர்களும் ஊருக்கே வந்து, உள்ளூர்ப் பொதுக் கட்டடத்தில் பதினைந்து நாள் சிகிச்சை அளித்தார்கள். ஊர்ப் பெரியவர்களும் முந்தைய முகாமில் குடியை விட்டவர்களும் அடுத்த முகாமுக்கு ஆள் சேர்த்தார்கள். பெயர் மறைக்கும் வழக்கம் இங்கே செல்லுபடியாகவில்லை. யார் குடிக்கிறார், யார் விட்டார் என்பது கிராமத்துக்கே தெரியும். அந்த வெளிச்சத்தையே துணையாக்கிக்கொண்டது முகாம் முறை. பக்கத்து வீட்டுக்காரரே கண்காணிப்பாளராகவும் ஊக்கம் தருபவராகவும் ஆனார்.

கூட்டத்துக்குப் போகும் வழி

தமிழ்நாட்டில் இன்று ஒருவர் கூட்டத்தைத் தேடினால் முதல் வழி ஏ.ஏ.யின் உதவி எண்ணோ இணையதளமோ. நாள், நேரம், இடம், மொழி ஆகியவை அதில் கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, போதை மறுவாழ்வு மையங்கள் ஆகியவற்றில் கேட்டாலும் தெரியும். 14446 என்ற தேசியக் கட்டணமில்லா எண் சிகிச்சை மையங்களுக்கு வழிகாட்டுகிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரக்கூடும். சில வேளைகளில் அது உயிருக்கே ஆபத்து. எனவே அத்தகையவர் முதலில் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்றன்று.

கூட்டம் பெரும்பாலும் ஒருமணி முதல் ஒன்றரை மணி நேரம். நாற்காலிகள் வட்டமாகவோ வரிசையாகவோ போடப்பட்டிருக்கும். அன்றைக்குக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றவர் சிறு முன்னுரையை வாசிப்பார். சற்று மௌனம், பிரார்த்தனை. பிறகு ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்று சொல்லித் தொடங்குவார்கள். மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள். குடித்த காலத்தில் என்ன ஆயிற்று, எப்படி விட்டார், இப்போது எப்படி இருக்கிறார் என்பதே ஷேரிங் எனப்படும் பேச்சின் மூன்று பகுதிகள். யாரும் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. புதியவர் பேச விரும்பாவிட்டால் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம். பை சுற்றிவரும், தேநீர் வரும். முடிந்தபின் வாசலில் நின்று பேசும் பேச்சும் தொலைபேசி எண் பரிமாற்றமும் கூட்டத்தின் முக்கியப் பகுதியாகவே கருதப்படுகின்றன. குடிக்கும் ஆசை எழும் நேரத்தில் கூப்பிட ஓர் எண் வேண்டும் என்பது ஆக்ரன் ஹோட்டலில் கிடைத்த பாடம். முதல் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்பது புதியவருக்குப் பழையவர்கள் வழக்கமாகச் சொல்லும் யோசனை. 2020இல் பெருந்தொற்றால் அறைகள் பூட்டப்பட்டபோது கூட்டங்கள் காணொளிக்கு மாறின. கூட்டமே இல்லாத ஊர்க்காரர்களுக்கும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கும் அதனால் தாய்மொழியில் கேட்கும் வாய்ப்புத் தொடர்கிறது.

பயனும் வரம்பும்

இந்தக் கூட்டங்கள் உண்மையில் பயன் தருகின்றனவா என்பதை அளப்பது கடினமாகவே இருந்தது. பதிவேடு இல்லாத அமைப்பில் வந்தவர் எத்தனை, விட்டவர் எத்தனை என்று எண்ண முடியாது. 2006இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு உறுதியான சான்று இல்லை என்றது. 2020இல் ஜான் கெல்லி, கீத் ஹம்ப்ரீஸ், மாரிகா ஃபெரி ஆகியோர் செய்த புதிய காக்ரேன் மதிப்பாய்வு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கியது. அறவே குடிக்காமல் இருப்பதைப் பொறுத்தவரை, ஏ.ஏ.யுடன் திட்டமிட்டு இணைக்கும் சிகிச்சை பிற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ பலன் தந்ததாக அது கண்டது. ஓராண்டு முடிவில் முதல் வகையினரில் 42 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 35 விழுக்காட்டினரும் குடிக்காமல் இருந்தார்கள். மருத்துவச் செலவும் குறைந்தது.

அதே எண்கள் வரம்பையும் காட்டுகின்றன. பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டுக்குள் மறுபடி குடித்திருக்கிறார்கள். ஆன்மிக மொழி சிலரை விலக்குகிறது. சிறைக் கைதி சலுகை பெற ஏ.ஏ. முறையிலான நிகழ்ச்சியில் கலந்துகொள்ள வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதை, மதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 1996இல் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஒரு வழக்கில் தடுத்தது. நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் உளவியல் சிகிச்சையும் இன்று கூட்டத்தோடு சேர்த்தோ தனியாகவோ தரப்படுகின்றன. மறுபடி குடித்தவரைக் குழுக்கள் விலக்குவதில்லை. விதிகளை விலக்கி வைத்த நாளிலிருந்து, விழுந்தவர் அடுத்த கூட்டத்துக்கே திரும்பி வரலாம், அவரிடம் கணக்குக் கேட்கப்படுவதில்லை. 180க்கு மேற்பட்ட நாடுகளில் இருபது லட்சம் உறுப்பினர்கள் இருப்பதாக ஏ.ஏ. மதிப்பிடுகிறது.